பின் அறைச் சாவி: மண்டப நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மண்டப நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதம் கிடைத்தது. நடந்தது உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், அதனால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை மண்டபத்துப் பின் அறையை, ஃபிலிம் கேமராவில் படம் எடுக்கிற எங்கள் குழுவுக்குத் தாருங்கள், அந்த ஐந்து மணி நேரம் சாவி எங்கள் கையில் இருக்கட்டும். இவ்வளவுதான் கேட்டோம். அதற்கு வந்த பதிலில் வாடகை 150 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் 300 வெள்ளி, 14 நாளுக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பம், அப்புறம் கடைசி வரியில் 'தனிநபர் பொழுதுபோக்குக்கு மண்டபத்தை இலவசமாகத் தர இயலாது'. பணத்தைக்கூட விடுங்கள். அந்தக் கடைசி வரிதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

தனிநபரா? ஒன்பது பேர் ஐயா. செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் பார்க்கிற நான், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அண்ணன், ரெண்டு டீச்சர்கள், டவுனில் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்த தாத்தா, கேமரா முக்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வருகிற சீனப் பையன், ஐந்தாம் படிவம் படிக்கிற ஒரு பெண் பிள்ளை, இன்னும் ரெண்டு பேர். ஒன்பது பேரிடம் கேமரா நாலுதான். எல்லாம் லார்ஜ் ஃபார்மட், அதாவது நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிமை ஒவ்வொரு ஷீட்டாகப் போட்டு எடுப்பது. நீங்கள் கல்யாண வீட்டில் பழைய காலத்தில் பார்த்த சுருள் ஃபிலிமில் ஒரு படம் எவ்வளவு பெரிசோ அதைப்போல சுமார் 15 மடங்கு பெரியது இந்த ஒரு ஷீட். எச்பி5 என்கிற கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒரு பெட்டியில் 25 ஷீட் இருக்கும், ஷீட் ஒன்றுக்குப் பத்து வெள்ளிக்கு மேல் விழுகிறது. தனியாக வாங்க எங்களில் யாருக்கும் கட்டாது. ஒன்பது பேரும் காசு போட்டு ஒரு பெட்டி வாங்கி, கும்மிருட்டில் உட்கார்ந்து, தீபாவளிக்கு ஆட்டுக்கறியைக் கூறு போடுகிற மாதிரி ஆளுக்கு இத்தனை என்று விரலால் எண்ணிப் பிரித்துக்கொள்வோம். இதைத் தனிநபர் எப்படிச் செய்வான் என்று செயலாளர் ஐயா சொன்னால் தெரிந்துகொள்வேன்.

பின் அறைப் பக்கம் ஃபிலிம் கழுவிய அன்றைக்கு நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அது 'சிறு இடையூறு' என்று ரெண்டே வார்த்தையில் முடிந்துவிட்டது.

ஆற்றோரம் பழைய தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகை ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியும். பால் வெட்டு நின்று செம்பனை வந்து இத்தனை வருஷமாகியும் யாரும் இடிக்காமல் விட்டு வைத்திருந்தார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு முந்தின நாள் சனிக்கிழமை காலையில் ஆறு பேர் போனோம். முக்காலியைப் பார்த்ததும் வழக்கம்போல தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கமிருந்து ரெண்டு பேர் ஓடிவந்து, நிலம் அளக்க வந்தீங்களா, எங்க வீட்டையும் எடுத்துக்குவாங்களா என்று கேட்டார்கள். நம் ஊரில் முக்காலிக்கு இருக்கிற பெயர் அப்படி. படம் எடுக்கத்தான் வந்தோம் என்று சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது.

அந்தப் பெண் பிள்ளை தன் பாட்டியைக் கூட்டி வந்திருந்தாள். அந்தக் கொட்டகையில் இருபது வருஷத்துக்கு மேல் ஷீட் காயப் போட்ட கை அந்தப் பாட்டியுடையது. முதலில் பாட்டியைக் கறுப்புத் துணிக்குள் தலையை விடச் சொல்லி, பின்பக்க மங்கல் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னோம். அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், இடது வலதும் மாறியிருக்கும். எதிரே நின்ற பேத்தியைப் பார்த்துவிட்டு, "என்னாடி, வௌவா மாதிரி தொங்குறே" என்று துணிக்குள்ளிருந்தே சிரித்தது பாட்டி. அப்புறம் பாட்டியைக் கொட்டகை வாசலில் நிழலில் நிறுத்தி, பிள்ளை தானே போகஸ் பார்த்து, தானே கணக்குப் போட்டாள். லென்ஸ் வாயின் அளவு எஃப் 22, அது திறந்திருக்க ரெண்டு செகண்ட். ரெண்டு செகண்ட் அசையாம நிக்கணும் பாட்டி என்றதற்கு, "பெரட்டுல நாள் தவறாம நின்னவடி நான்" என்று பதில் வந்தது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. ஆளுக்கு ஒரு ஷீட் என்று பேச்சு. அவள் வாழ்க்கையில் எடுத்த முதல் ஷீட் அது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு ஷீட்டையும் பின் அறையை ஒட்டிய சாமான் அறையில் கழுவினோம். கதவுக்கு அடியில் துண்டைத் திணித்து, வெளியே தமிழிலும் மலாயிலும் 'திறக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தோம். குழாய்த் தண்ணீர் இங்கே எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் வரும், ஃபிலிமில் படத்தை வரவைக்கிற மருந்தான டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும், அதனால் ரோட்டோர ஒட்டுக்கடையில் ஐஸ் வாங்கி வந்து தட்டைச் சுற்றி வைத்திருந்தோம். கணக்கு ஒன்பது நிமிடம். இருட்டில் அடி ஷீட்டை எடுத்து மேலே வைக்க வேண்டும், அடுத்ததை எடுத்து மேலே வைக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டாமல், கீறாமல். தட்டில் கை வைத்திருந்தது அந்தப் பிள்ளை. ஸ்டுடியோ தாத்தா பக்கத்தில் நின்று மெல்ல எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது நிமிடத்தில் கதவு திறந்தது, லைட்டும் எரிந்தது. "யாரு உள்ள? பூட்டச் சொல்லியிருக்காங்க."

யாரும் சத்தம் போடவில்லை. தாத்தா எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்தப் பிள்ளை மட்டும் கையை எடுக்கவில்லை. அவ்வளவு வெளிச்சத்தில், எல்லாம் போய்விட்டது என்று தெரிந்தும், அடி ஷீட்டை எடுத்து மேலே, அடுத்ததை எடுத்து மேலே என்று கடிகாரம் அடிக்கிறவரைக்கும் நாலு நிமிடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். நிறுத்தும்மா என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. ஆறு ஷீட்டும் தார் மாதிரி கறுத்துப் போயின. தன்னுடையதை அவள் கழுவிக் காயவைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். பாட்டி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "எங்கடி என் மூஞ்சி" என்று கேட்டதாம்.

புதன்கிழமை மண்வாரி வந்தது. மத்தியானத்துக்குள் கொட்டகை இல்லை.

சிறு இடையூறு.

கதவைத் திறந்த அண்ணன் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. பூட்டு என்றீர்கள், பூட்ட வந்தார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து, தெரியாம செஞ்சிட்டேன் தம்பி என்று வாசலில் நின்று வருத்தப்பட்டார். அவர் அளவுக்குக்கூட வேண்டாம், கடிதத்தில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

உங்களில் ஒருவர், சிவப்பு லைட்டு போட்டுக்கிட்டா என்ன, சினிமாவில் அப்படித்தானே காட்டுறாங்க என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். பேப்பரில் படம் போடும்போது சிவப்பு விளக்கு ஆகும். நாங்கள் எடுக்கிற ஃபிலிம் சிவப்பையும் பார்க்கிற ஃபிலிம், அதற்குச் சிவப்பு விளக்கும் வெயிலும் ஒன்றுதான். கும்மிருட்டு வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். அதனால்தான் சாவி கேட்கிறோம், பின் அறையில் கட்டில் போட்டுத் தூங்குவதற்கு இல்லை.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று மனைவி சொன்னாள், முடியவில்லை. அதே மண்டபத்தில் வெள்ளிக்கிழமை இரவு கராவோக்கே நடக்கிறது. அது சமூக நிகழ்ச்சி. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை விற்கிறவர்கள் புரொஜெக்டர் வைத்து மூன்று மணி நேரம் பேசினார்கள், அது சுகாதார விழிப்புணர்வு. ஒய்.பி., அதாவது நம் தொகுதி மக்கள் பிரதிநிதி, வருகிறார் என்றால் பத்து நிமிடப் பேச்சுக்கு ரெண்டு நாள் மண்டபம் பூட்டியிருக்கும், வாசலில் குழுவினர் எல்லோருடைய முகமும் ஆளுயரத்துக்கு பேனரில் சிரிக்கும். (அந்த பேனரில் உள்ள படங்களில் மூன்றை எடுத்தது எங்கள் ஸ்டுடியோ தாத்தாதான். நன்றாக வந்திருக்கின்றன, குறை சொல்லவில்லை.) ஒன்பது பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் படத்தை ஒருவர் பார்த்தால் அது தனிநபர் பொழுதுபோக்கு.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று ஒரு ஞாயிறாவது எட்டிப் பார்த்திருந்தால் இந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டீர்கள். ஆளுக்கு ஒரு பிரிண்ட் கொண்டு வர வேண்டும், போனில் காட்டக் கூடாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடலாம். பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். எடுத்தவர் கடைசியில்தான் வாயைத் திறக்கலாம், இல்லாவிட்டால் படத்தை விட்டுவிட்டு அவர் கதையைத்தான் கேட்போம். சுங்கை பட்டாணி, குளுவாங் பக்கம் இருக்கிற நண்பர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பெட்டி போஸ் லாஜூ விரைவுத் தபாலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வந்தால் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். போன தடவை வந்த பெட்டியில் ஒரு ஒட்டுக்கடையின் படம், எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடுகிற கேமராவில் எடுத்தது. தே தாரே என்கிற பால் டீயை இழுத்து ஆற்றுகிறவர் கை இடுக்கில் இருந்த வியர்க்குருகூடத் தெரிந்தது. பஸ் ஓட்டுகிற அண்ணன் அதைக் கால் மணி நேரம் கீழே வைக்கவில்லை.

இதெல்லாம் எதற்கு, வெள்ளைக்காரன் விளையாட்டு என்று சிலர் பேசுவதும் காதில் விழுந்தது. இருக்கட்டும். மலாயாவில் செம்பனையை வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது 1917இல், நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான். பெயரைக் கேட்டாலே யார் வேலை செய்த தோட்டம் என்று தெரியும். அந்தக் குழியைத் தோண்டியவர்களின் படம் நம்மில் யார் வீட்டிலாவது இருக்கிறதா? அந்தக் காலத்துப் பெரிய கேமராக்கள் தோட்டத்துக்கு வராமல் இல்லை. வந்தன, எடுத்தன, தபால் அட்டையாக விற்கவும் விற்றார்கள். அதில் இருப்பவர் பெயர் இருக்காது, தமிழ்க் கூலி என்று மட்டும் இருக்கும். 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தின்போது 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாளக் கார்டு கொடுத்தார்கள், என் பாட்டி எடுத்துக்கொண்ட முதல் படம் அது. வெகுகாலம் ஒரே படமும் அதுதான். மிரண்ட கண்ணும் கட்டைவிரல் ரேகையுமாக இருக்கும். நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் பெயர், தோட்டம், என்ன வேலை செய்தார் என்று எழுதி வைக்கிறோம். அவ்வளவுதான் எங்கள் விளையாட்டு.

கூட்டம் சிறியது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னீர்கள். 1932 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ டி யங் மியூசியத்தில் 'எஃப் 64' குழுவின் படங்களை மாட்டினார்கள். ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் எல்லாம் அதில் இருந்தவர்கள். லென்ஸின் வாயை மிகச் சிறியதாக்கி, கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் கூர்மையாக வருகிற மாதிரி எடுத்தவர்கள், அந்தச் சின்ன வாய்க்கான எண்தான் குழுவின் பெயர். மொத்த உறுப்பினர் ஏழு பேர். கூட நாலு பேரை அழைத்து மாட்டினார்கள். ஏழு பேர்தானே, யார் வீட்டிலாவது கூடிக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, வான் டைக் என்ற உறுப்பினர் ஒக்லண்டில் வைத்திருந்த சின்ன இடத்தில் கூடினார்கள். எங்களிடம் அவர்களைவிட ரெண்டு பேர் கூட இருக்கிறார்கள், ஒரு அறைதான் குறைகிறது.

சரி, கோபத்தில் நீளமாகப் போய்விட்டது, மன்னிக்கவும். கேட்க வந்தது மாதம் ஒரு ஞாயிறு, பின் அறை, எட்டிலிருந்து ஒன்று, சாவி. தண்ணீர், மின்சாரக் காசைக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள், கட்டிவிடுகிறோம். அறையைக் கழுவித் துடைத்து, மருந்து வாடை இல்லாமல்தான் ஒப்படைப்போம், இதுவரையும் அப்படித்தான் செய்தோம். முடிந்தால் தீபாவளிக்கு முந்தின வாரம் முன் சுவரில் இருபது படம் மாட்டிக்கொள்ள அனுமதி தாருங்கள். அந்தத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் வந்து தங்கள் முகத்தையும் பெயரையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு பாட்டி மறுபடியும் வருகிறது. கொட்டகை இல்லை, வீட்டு வாசலில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறது. எடுத்த ஷீட்டை அன்றைக்கே கழுவிவிட வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் பிடிவாதம். அதற்குள் தயவுசெய்து ஒரு பதில் தாருங்கள். சாமான் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் நாங்களே வாங்கி வைத்துவிட்டோம், ஆறு வெள்ளிதான், அதைப் பொருத்துகிற ஆளும் எங்களிடமே இருக்கிறார். நீங்கள் சரி என்றால் ஒரு நாள் சாயங்காலம் வந்து அடித்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
ஒன்பது பேரில் ஒருவன்