பாட்டனைத் தெரியும், பூட்டனைத் தெரியாது

பாம்பன்,
ஞாயிறு இரவு

மாப்ளே,

எட்டு மாதமாய் ஒரு வரி எழுதவில்லை. காரியம் இருந்தால்தான் இவன் எழுதுவான் என்று நீ சொல்வாய். ஆமாம், காரியம்தான். வீட்டில் எல்லாரும் சுகம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கச்சான் அடிக்கிறது, சோற்றில் பாதி மணல்.

2006-ல் நாம் எடுத்த பேட்டிகள் இருந்த ஹார்டு டிஸ்க் போய்விட்டது. போன மாதம் டக் டக் என்றது, அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை. மிச்சம் அந்த நாலு எல்டிஓ-3 டேப்தான், கம்ப்யூட்டர் டேட்டாவைச் சேமிக்கிற மூன்றாம் தலைமுறைக் காந்த நாடா. "டேப்புல போட்டா முப்பது வருஷத்துக்குக் கவலையில்லடா" என்று அளந்தாயே, அதே டேப்.

டேப்பைக் குறை சொல்ல முடியாது. டிரங்குப் பெட்டியின் கீலெல்லாம் துரு, மூலையில் உப்புப் பூத்திருக்கிறது. ஆனால் உள்டப்பாவில் தூசுகூட இல்லை. கார்ட்ரிட்ஜின் சின்னக் கதவை விரலால் தள்ளிப் பார்த்தேன். மூன்றில் முனை ஊசி அதன் இடத்தில் இருக்கிறது. நாலாவதில் நழுவி உள்ளே போயிருக்கிறது. டேப்பைப் படிக்கும் டிரைவ் அந்த ஊசியைப் பிடித்துத்தான் நாடாவை வெளியே இழுக்கும், அதனால் அதை இப்போதைக்குத் தொடவில்லை.

கோளாறு என் புத்தியில். ரிச்சி தெருவில் அலைந்து ஒரு பழைய எல்டிஓ-6 டிரைவ் வாங்கினேன். புதுசு பழசை எல்லாம் படிக்கும் என்ற நினைப்பு. விலையைச் சொல்ல மாட்டேன், திட்டுவாய். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு எஸ்ஏஎஸ் கார்டு, கேபிள் தனி. டேப்பைச் செருகினால் உள்ளே இழுத்தது, கொஞ்சம் முனகியது, துப்பிவிட்டது. மூன்று தடவை. ஹெட்டில் அழுக்கோ என்று கிளீனிங் கார்ட்ரிட்ஜ் கூடப் போட்டேன். கடைசியில்தான் மேனுவலைப் படித்தேன். ஆறாவது தலைமுறை டிரைவ் ஐந்தைப் படிக்கும், எழுதும். நாலைப் படிக்க மட்டும் செய்யும். மூன்றைத் தொடாது. அப்பனைத் தெரியும், பாட்டனைத் தெரியும், பூட்டன் யாரோ எவரோ! எட்டாவது தலைமுறைக்குப் பாட்டனையும் தெரியாதாம்.

சம்மாட்டி மாமா வலை பொத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க பாட்டன் போட்ட முடிச்ச இன்னைக்கும் நான் அவுப்பேன். ஒங்க பெட்டியால முடியலையா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாம் இதை எழுதிய ராத்திரி நினைவிருக்கிறதா? இரவல் டிரைவ் வினாடிக்கு 80 எம்பி கேட்டது, நம் ஓட்டைக் கம்ப்யூட்டரால் கொடுக்க முடியவில்லை. டேட்டா வரும்வரை ஓடுவதும், தீர்ந்ததும் நிற்பதும், பின்னால் போவதும், மறுபடி முன்னால் வருவதுமாக விடியும்வரை கர்ர்ர் கர்ர்ர். நீ அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. ஒரு எல்டிஓ-3 நிரம்ப 680 மீட்டர் நாடா இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 44 தடவை ஓட வேண்டும். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். நம் டேப் இந்த முன்னும் பின்னுமாக அதைப் போல எத்தனை மடங்கு தேய்ந்ததோ.

எனக்குப் பயம் அதில்லை. இரண்டாவது டேப்பில் என் அம்மாச்சி இருக்கிறாள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தன் தம்பியை, புயலில் கடல் கொண்டுபோன அந்த தனுஷ்கோடி ரயிலில் ஏற்றிவிட்டு வந்ததை அவள் அந்த ஒரு தடவைதான் முழுசாகச் சொன்னாள். அதற்கு முன்பும் சொன்னதில்லை, பிறகும் சொன்னதில்லை. மண்டபத்துப் பெரியவர்கள் மூன்று பேரும் அதே டேப்பில்தான். இப்போது அவர்களில் ஒருவரும் இல்லை.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உன் ஆபீசில் தூக்கிப்போட்ட சாமான்களில் மூன்று, நாலு, ஐந்து, எந்த டிரைவாவது கிடக்கிறதா? அப்புறம், அன்றைக்கு நாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் பிரிக்கக்கூடிய வெறும் டார் கட்டளையில் எழுதினோமா, இல்லை டிரைவை இரவல் தந்த ஆபீசின் பேக்கப் மென்பொருளிலா? டார் என்றால் பிழைத்தோம். மற்றது என்றால் அந்த மென்பொருளையும் தேட வேண்டும். உன் மஞ்சள் அட்டை நோட்டில் குறித்திருப்பாய், பார்.

கூரியரில் அனுப்ப மாட்டேன். ஒரு வார்த்தை சொல், சேது எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். கருவாடும் கொண்டுவருகிறேன், தனிப் பையில்.

உன்,
கட்டை

பி.கு.: இரண்டாவது டேப்பின் லேபிளில் நீ எழுதியிருப்பது 3-ஆ 8-ஆ? உன் கையெழுத்தைப் படிக்கவும் ஒரு டிரைவ் வேண்டும்.