முதல் துணியாக ஜாக்கெட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தே வருகின்றன. தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோர ஊர்ப் பெண்கள் தையல் பழக இதைவிடத் தோதான காலம் கிடையாது. தினம் 2 மணி நேரம் உட்கார்ந்தால், தன் உள்பாவாடையைத் தானே வெட்டித் தைக்கும் அளவுக்கு இந்த நாட்களுக்குள் தேறிவிடலாம். அப்படியும் பலர் பாதியில் விட்டுவிடுவதற்கு முக்கியமான காரணம், முதல் வாரமே ஜாக்கெட் வெட்டக் கொடுத்துவிடுவது.

ஜாக்கெட்டில் நேர்த்தையல் குறைவு. கழுத்து, அக்குள், கை எல்லாமே வளைவு. அக்குள் சுற்றளவுக்கும் கையின் மேல்வளைவுக்கும் அளவு ஒத்துவராவிட்டால் தோளில் சுருக்கம் விழும், கையைத் தூக்கினால் இழுக்கும். மிதியே இன்னும் காலுக்குப் பிடிபடாதவருக்கு இதைக் கொடுத்தால் துணியும் பாழ், ஆசையும் போய்விடும்.

நூல் கோர்க்காமல், பழைய ஊசியைப் போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டிப் பழகுவதுதான் தொடக்கம். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிவிடும், அதைத் துணிக்கு எடுக்கக் கூடாது. கோடு பிசகாமல் வந்ததும் கைலி மூட்டலாம். ஏறக்குறைய 48 இஞ்ச் நீளத்துக்கு ஒரே நேர்த்தையல், எந்த வீட்டிலும் தேவைப்படுகிற வேலை. அடுத்தது தலையணை உறை. 17-க்கு 27 இஞ்ச் தலையணை என்றால் 18 இஞ்ச் அகலம், 62 இஞ்ச் நீளம் வெட்ட வேண்டும். இதில் இரண்டு பக்கத்துக்கு 54, உள்மடிப்புக்கு 6, ஓரம் அடிக்க 2. 36 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியை நடுவில் பிளந்தால் இரண்டு உறை வந்துவிடும்.

பிறகுதான் பாவாடை. நாலு பீஸ் பாவாடைக்கு 36 இஞ்ச் பன்னாவில் பாப்ளின் 2.25 மீட்டர் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்துத் தேய்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். 38 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து, ஒவ்வொன்றையும் சாய்வாக வெட்டுங்கள்: மேல் ஓரத்தில் இடமிருந்து 12 இஞ்சிலும் கீழ் ஓரத்தில் இடமிருந்து 24 இஞ்சிலும் புள்ளி வைத்து இணைக்கும் கோடுதான் வெட்டுக்கோடு. வெட்டியதும் வரும் இரண்டு பீஸில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டுக்கும் மேலே 12, கீழே 24. நாலு பீஸையும் மூட்டி, தையலுக்கு அரை அரை இஞ்ச் போனால் மேல் சுற்று 44 இஞ்ச் நிற்கும், இடுப்புச் சுற்று 40 வரை உள்ளவருக்குச் சரியாக இருக்கும். மீதித் துணியில் 4 இஞ்ச் அகலப் பட்டி இரண்டு எடுத்து மூட்டினால் இடுப்பில் நாடா கோர்க்கும் நாடாப்பட்டி.

பிசகு நடப்பது மூட்டும்போதுதான். சாய்ந்த ஓரம் இழுபடும், நேர் ஓரம் இழுபடாது. சாய்வோடு சாய்வைச் சேர்த்தால் அந்த மூட்டு தொங்கிவிடும். எப்போதும் சாய்வை நேரோடு சேர்க்க வேண்டும், சாய்ந்த ஓரம் அடியில், துணியை நகர்த்தும் பல்லின் பக்கம் இருக்கட்டும். சாய்ந்த ஓரம் நேர் ஓரத்தைவிடக் கிட்டத்தட்ட 2 இஞ்ச் நீளம். பயந்து இழுத்துச் சமப்படுத்த வேண்டாம். மேலிருந்து தைத்து வந்து, கீழே மிஞ்சுவதை வளைவாக நறுக்கினால் போதும். ஒரு மூட்டில் மட்டும் மேலே 6 இஞ்ச் திறந்து விடுங்கள். ஒரு நாள் கொடியில் தொங்கவிட்ட பிறகே கீழ்மடிப்பு அடிக்க வேண்டும்.

தையலின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகச் சேர்ந்தால் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைப் புதிதாகக் கோர்த்துவிடுங்கள். பாதம் இறங்கியிருந்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் நுழையாது. தைக்கும்போது பாதத்தை இறக்க மறந்தாலும் இதே கோளாறு வரும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைப் பாருங்கள். மேலே முட்டும்வரை ஏற்றியிருக்க வேண்டும், நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூல் நுழைய வேண்டும். பாப்ளினுக்கு 14-ஆம் எண் ஊசி, இஞ்சுக்கு 10 முதல் 12 தையல்.

நம் கரையின் உப்புக்காற்று இயந்திரத்துக்கு எதிரி. சன்னலோரம் வைத்தால் ஊசித்தண்டும் பாபின் கேஸும் சீக்கிரமே துருப்பிடிக்கும், துருவேறிய ஊசி துணியில் கறை விட்டு இழை இழுக்கும். வாரம் ஒரு முறை பஞ்சைத் தட்டி, ஒவ்வொரு துளையிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நூலில்லாமல் ஒரு நிமிடம் ஓட்டி, கழிவுத் துணியில் தைத்துப் பார்க்கவும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, அது நாளடைவில் பிசினாகிச் சக்கரத்தை இறுக்கும். மூடி வைக்கப் பருத்தித் துணிதான் நல்லது, பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகத் தையல் இயந்திரம் வழங்குகிறது, தொண்டு அமைப்புகளும் தருகின்றன. கொடுக்கும் நாளிலேயே ஒரு எண்ணெய்க் குப்பி, 14-ஆம் எண் ஊசி ஒரு பாக்கெட், 2.25 மீட்டர் பாப்ளின் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுகிறோம். பயிற்சி நடத்துகிறவர்கள் ஜாக்கெட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் பயிற்சி ஆசிரியைகள்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.