‘எந்தக் கிட்டார் வாங்கலாம்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூத்த கிட்டார் நண்பர்களே,

வணக்கம். புதிதாகக் கிட்டார் பிடிக்கிறவர்கள் நம்மிடம் வந்து, “சவுண்ட் நல்லா வரல, என்ன வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள். நாமும் உடனே சொல்லிவிடுகிறோம். ஒருவர் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகத்தை, மாற்றச் சொல்வார். இன்னொருவர் வால்வு ஆம்ப் (பழைய வகை ஒலிபெருக்கி) இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பார். மூன்றாமவர், காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு ஓவர்டிரைவ் பெடலின் பெயரைச் சொல்லி, அதிலும் பழைய மாடலாகப் பார்த்து வாங்கு என்பார். கேட்டவர் கையில் இருக்கும் கிட்டார் எப்படி ஒலிக்கிறது என்று அதுவரை நம்மில் யாரும் காது கொடுத்திருக்க மாட்டோம். நானும் பல வருடங்கள் இப்படித்தான் பதில் சொல்லி வந்தேன். அதனால்தான் இந்த மடல்.

என் மனதை மாற்றியது ஒரு பள்ளி மாணவி. எட்டு மாதம் வாசித்த அக்கூஸ்டிக் கிட்டாரோடு வந்தாள். ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்த வேண்டிய எஃப் கார்ட் அவளுக்கு வரவே இல்லை. விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. “அண்ணா, வேற கிட்டார் வாங்கினா சரியாகும்னு எல்லாரும் சொல்றாங்க. வீட்டுல கேட்க பயமா இருக்கு, விட்டுடலாம்னு இருக்கேன்” என்றாள். அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்டுகள்) போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறு தந்தியும் சுத்தமாக ஒலித்தன. அவளுக்கே ஆச்சரியம்.

கோளாறு நட்டில் இருந்தது. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் அந்தச் சின்னத் துண்டில் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாமல் வெட்டப்பட்டிருந்தன. அதனால் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே தந்தி தேவைக்கு மிக உயரத்தில் நின்றது. அவ்வளவு தூரம் அழுத்தும்போது விரலும் வலிக்கும், தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறிப்போகும். ட்யூனரில் திறந்த தந்திகள் எல்லாம் சரியாகக் காட்டும், கார்ட் பிடித்தால் மட்டும் அபசுரமாகக் கேட்கும். பாவம், அவள் எட்டு மாதமாகத் தன் காதையும் விரலையும் நொந்துகொண்டிருந்தாள்.

இதைச் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை அளவு இருந்தால் போதும். அவளுடைய கிட்டாரில் அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு இருந்தது. பழுது பார்ப்பவர் அரத்தால் பள்ளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்கினார். ஒரே மாலை வேலை. (அளவு தெரியாமல் நாமே தேய்த்தால் தந்தி ஃப்ரெட்டில் பட்டு இரையும். பழகியவர் கையில் கொடுப்பதே நல்லது.)

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. என் எலெக்ட்ரிக் கிட்டாரில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைப் போட்டு, தடித்த தந்திகளில் மேல் ஃப்ரெட்டுகளை வாசித்தால் சுரம் நிலையாக நிற்காது. ஒரே தந்தியில் இரண்டு சுரம் சண்டை போடுவது போல அலையும். முதலில் தந்தி மாற்றினேன். பிறகு ஒரு பெடல் வாங்கினேன், அதற்கப்புறம் இன்னொன்று. கடைசியில் பிக்கப்பையே மாற்றத் தயாரானபோது ஒரு நண்பர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிக்கப்பின் இரு பக்கத் திருகுகளையும் சில சுற்று சுற்றி அதைக் கீழே இறக்கினார். அலைச்சல் நின்றுவிட்டது. பிக்கப்பில் இருப்பவை காந்தங்கள். தந்திக்கு மிக அருகில் நின்றால் அவை அதன் அதிர்வையே இழுத்துக் கெடுக்கும். இது நம்மில் பலருக்குத் தெரியும். தெரிந்தும், கேட்கிறவர்களிடம் பிக்கப்பின் உயரத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை, பிராண்டைத்தான் பேசுகிறோம்.

காதும் நம்மை ஏமாற்றும். 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும், ஒலியளவு குறையும்போது நம் காது கீழ்ச்சுரங்களையும் மிக உச்சத்துச் சுரங்களையும் நடுச்சுரங்களைவிடக் குறைவாகவே உணர்கிறது என்று அளந்து காட்டினார்கள். மேடையில் நிறைவாகக் கேட்ட அதே அமைப்பு, இரவில் படுக்கையறையில் மெதுவாக வைத்து வாசித்தால் மெலிந்து போய்விடுகிறது. உடனே ஆம்ப்தான் குறை என்று தோன்றும். புதுப் பெடலை மிதித்ததும் நன்றாக இருப்பது போலத் தெரிவதற்கும் பாதி நேரம் இதுவே காரணம்: அது கொஞ்சம் சத்தமாக இருக்கிறது. பெடல் போட்டாலும் எடுத்தாலும் ஒரே சத்தம் வரும்படி அதன் வால்யூமைச் சரிசெய்துவிட்டுக் கேட்டுப் பார்க்கும்படி வாங்கப் போகிறவரிடம் சொல்லுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கட்டும்.

நாம் துரத்துகிற ஒலிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஃபஸ் என்ற கரகரத்த ஒலியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாஷ்வில் ஸ்டுடியோ ஒன்றில், பதிவு மேசையின் ஒரு சேனல் கெட்டுப்போய், கிட்டார் கலைஞர் கிரேடி மார்ட்டின் ஒரு பாட்டுக்காக வாசித்த ஆறு தந்தி பேஸின் ஒலி கரகரத்துப் பதிவானது. 1961இல் அந்தப் பாட்டு அப்படியே வெளிவந்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறை ஒரு சிறு சுற்றாக வடித்தெடுக்க, 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலாக விற்பனைக்கு வந்தது. பிளாக் சாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் கதை இன்னும் கனமானது. 1965இல் தொழிற்சாலை விபத்தில் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைக்காரரான அவருக்குத் தந்திகளை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகள் போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த ஒலி இப்படித்தான் வந்தது. இன்று உலகமே ஏங்கும் 1958 முதல் 1960 வரையிலான, கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டார்களும் அந்தக் காலத்தில் சரியாக விற்கவில்லை. அதனால்தான் கிப்சன் 1961இல் அந்த வடிவத்தையே கைவிட்டது.

வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. புதுக் கிட்டாரின் பெட்டியைத் திறக்கும்போது வரும் அந்த மர வாசனை எனக்கும் உயிர். வாசித்த சுரத்தைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் ஒரு நல்ல டிலே பெடல் எனக்கு இரண்டு சுரங்களுக்கு நடுவே காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தது. அது இல்லாமல் அந்தப் பொறுமை எனக்கு வந்திருக்காது. கழுத்து வளைந்து சரிசெய்ய முடியாமல் போன கிட்டாரோடு யாரும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இடக்கைக்காரருக்கு அவர் கைக்கேற்ற கிட்டார் கட்டாயம் வேண்டும். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். “எனக்கு இன்னும் நல்ல டோன் வேணும்” என்பது அந்த வாக்கியம் ஆகாது. “டிஸ்டார்ஷன் போட்டா சிங்கிள் காயில்ல இரைச்சல் தாங்கல, அதனால ஹம்பக்கர் வேணும்” என்றால் அதில் ஒரு காரணம் இருக்கிறது: ஹம்பக்கர் என்பது அந்த இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஆசைக்குப் பின்னால் மரங்கள் நிற்கின்றன. கிட்டார் செய்யப் பயன்படும் பிரேசில் ரோஸ்வுட் மரம் 1992 முதலே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல்தான், அந்தப் பிரேசில் மரம் தவிர மற்றவற்றில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பரணில் தூங்கும் நாலாவது கிட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வருகிறது.

சரி, உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை யாராவது என்ன வாங்கலாம் என்று கேட்டால், எந்தப் பெயரும் சொல்வதற்கு முன்னால் அவர் வாசித்த ஒரு நிமிடத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். தந்தி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகட்டை) பிரிட்ஜ் பக்கம், அதாவது உடலில் தந்திகள் முடியும் இடத்தின் பக்கம், கொண்டுபோய் ஒரு தடவை, கழுத்துப் பக்கம் ஒரு தடவை அதே வரியை வாசிக்கச் சொல்லுங்கள். பிரிட்ஜ் அருகே கூர்மையும் கழுத்தருகே கனிவும் எப்படி வருகின்றன என்று பலருக்கு இன்னும் யாரும் காட்டியதே இல்லை. கிட்டாரிலேயே இருக்கும் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கிக் கேட்கச் சொல்லுங்கள். இதெல்லாம் பார்த்த பிறகும் குறை நிற்கிறதென்றால், அப்போது உங்கள் அனுபவம் முழுவதையும் கொட்டிப் பதில் சொல்லுங்கள். அந்தப் பதில் அவருக்கு நிச்சயம் உதவும்.

அந்த மாணவி இப்போதும் அதே கிட்டாரில்தான் வாசிக்கிறாள். போன வாரம் எஃப் கார்டிலிருந்து சி கார்டுக்கு நிற்காமல் மாறி ஒரு பாட்டு முழுவதும் வாசித்துக் காட்டினாள். முடித்துவிட்டு, “அண்ணா, இதுல எலெக்ட்ரிக் கிட்டார் மாதிரி தந்திய வளைக்க முடியுமா?” என்று கேட்டாள். கொஞ்சம் மெல்லிய தந்தி போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தோழமையுடன்,
உங்களில் ஒருவன்