எங்கள் முன்பதிவுப் படிவம் ஏன் நீண்டுவிட்டது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெளியூர் போகும் உங்களுக்குத் தங்க அறை ஏற்பாடு செய்துதருவது எங்கள் வேலை. அதற்காக நீங்கள் நிரப்பும் முன்பதிவுப் படிவம் ஒரு பக்கமாக இருந்தது, இந்த மாதம் முதல் இரண்டு பக்கமாகிவிட்டது. “தங்க ஒரு ரூம் கேட்டால், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இத்தனை கேள்வியா?” என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். படித்துச் சிரித்தோம். ஆனால் பதில் சொல்லவேண்டியது எங்கள் கடமை, அதனால்தான் இந்த மடல்.

படிவம் நீண்டதற்குக் காரணம் நாங்கள் செய்த ஒரு தவறு. அலுவலக வேலையாக வெளியூர் போன இரண்டு பேர் “டபுள் ரூம்” கேட்டார்கள், நாங்களும் அப்படியே போட்டுக் கொடுத்தோம். போய்க் கதவைத் திறந்தால் நடுவில் ஒரே ஒரு பெரிய கட்டில். அன்று இடம் நிரம்பியிருந்ததால் மாற்றிக்கொடுக்க வேறு அறையும் இல்லை. ஒருவர் சோபாவில் படுத்து, மறுநாள் கழுத்துப் பிடிப்போடு மீட்டிங்குக்குப் போனார். விடுதியைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தொழிலில் டபுள் என்றால் இருவருக்கு ஒரே கட்டில், ட்வின் என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில். எங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்காமல் விட்டோம்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதே மாதிரி இன்னொரு சிக்கல் உண்டு. “கனெக்டிங்” அறைகள் என்றால் இரண்டுக்கும் நடுவே உள்கதவு இருக்கும். “அட்ஜாயினிங்” என்றால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவுதான். அடுத்த அறையில் குழந்தை அழுதால் வராந்தா வழியாகத்தான் ஓட வேண்டும்.

சரி, படிவத்தின் முதல் கேள்விக்கு வருவோம்: எந்த வகை இடம் வேண்டும்? இதில் நம் மொழியே கொஞ்சம் குழப்புகிறது. ஹோட்டல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சாப்பாட்டுக் கடை. தங்குவதற்கு என்றால் லாட்ஜ். எழுத்தில் விடுதி என்றால் மாணவர்கள் தங்குவதும் அதுதான், ஐந்து நட்சத்திரக் கட்டடமும் அதுதான். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், மூன்று விஷயங்களைப் பாருங்கள். இரவில் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பாரா? குளியலறை உங்களுக்கு மட்டும்தானா? தினமும் வந்து சுத்தம் செய்வார்களா? எந்த வகை இடம் என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்வது வழக்கமான ஹோட்டல். ஆனால் இந்த வசதிகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பழைய சத்திரங்களில் முன்பின் தெரியாதவர்களோடு அறையை, சில சமயம் கட்டிலையே பங்குபோட வேண்டியிருந்தது. 1829-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் திறந்த டிரெமான்ட் ஹவுஸ், பூட்டுள்ள தனியறையும் இலவச சோப்பும் கொடுத்ததற்காகவே பேசப்பட்டது. பெரும் பணக்காரர் அல்லாத பயணிக்கும் அறைக்கு அறை தனிக் குளியலறை என்பதை, 1908-இல் பஃபலோ நகரில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் தன் ஹோட்டலில் செய்து காட்டினார். இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து, ஒரே குழாய்த் தடத்தில் இரண்டுக்கும் தண்ணீர் கொடுத்தார். இன்றைக்கும் பெரும்பாலான ஹோட்டல்கள் அப்படித்தான் கட்டப்படுகின்றன. பக்கத்து அறைக்காரர் குளிக்கும் சத்தம் உங்களுக்குக் கேட்பதற்கும் காரணம் அதுதான்.

மோட்டல் கார்க்காரர்களுக்காகப் பிறந்தது. மோட்டார், ஹோட்டல் இரண்டையும் ஒட்டவைத்து அந்தப் பெயர் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் 1925-இல் வந்தது. காரை நிறுத்திய இடத்திலிருந்து நேராக அறைக்குள் போகலாம், லாபியைக் கடக்க வேண்டாம். பயணிகள் தங்கும் ஹாஸ்டலின் கதை வேறு. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது, இடி மழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளைப் பயணிகளுக்குத் திறந்தால் என்ன என்ற யோசனை அன்று தோன்றியது. இன்றும் ஹாஸ்டலில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் அறையை அல்ல, ஒரு கட்டிலை. குளியலறை பொதுவாக இருக்கும். சமையலறையும் பொதுவாக இருப்பதால் நண்பர்கள் கிடைப்பார்கள், தூக்கம் கிடைப்பது சந்தேகம். எங்களைக் கேட்டால், மறுநாள் காலையில் முக்கியமான வேலை இருப்பவர்கள் அங்கே போகக் கூடாது.

ஹோம்ஸ்டே, கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் ஒருவர் குடியிருக்கும் வீட்டையோ அதைப் போன்ற சின்ன இடத்தையோ நம்பியவை. அங்கே ராத்திரி முழுக்க மேசையில் ஆள் இருக்கமாட்டார். நள்ளிரவில் போய் மணியடித்தால், தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைத்தான் எழுப்புகிறீர்கள். சர்வீஸ் அபார்ட்மென்டில் சமையலறை உண்டு, ஆனால் சுத்தம் செய்வது பல இடங்களில் வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோதான். பத்து நாளுக்கு மேல் தங்குபவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும். 1979-இல் ஒசாகாவில் தொடங்கிய காப்ஸ்யூல் ஹோட்டலில் ஆள் படுக்கும் அளவுக்குத்தான் இடம், கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு ஏற்றது. தனி ரசனையோடு அமைத்த சின்ன ஹோட்டலைக் குறிக்கும் “பூட்டிக்” என்ற சொல்லுக்கு மட்டும் அளவுகோல் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொள்கிறார்கள்.

நட்சத்திரம் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர அளவுகோல் கிடையாது. சில நாடுகளில் அரசு கொடுக்கிறது, சில நாடுகளில் தொழில் சங்கம் கொடுக்கிறது, சில இணையதளங்கள் தாங்களே போட்டுக்கொள்கின்றன. ஐரோப்பாவில் சில நாடுகள் சேர்ந்து 2009-இல் பொதுவான முறை ஒன்றைத் தொடங்கின. துபாயின் புர்ஜ் அல் அராப் ஹோட்டலை ஏழு நட்சத்திரம் என்பார்களே, அது பத்திரிகையில் பிறந்த பேச்சு, அரசுப் பட்டம் இல்லை. பொதுவாக நட்சத்திரம் எண்ணுவது லிஃப்ட், அறையின் அளவு, இரவிலும் ஆள் இருக்கும் வரவேற்பு மேசை மாதிரியான வசதிகளை. ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிலையம் இருக்கிறதா என்று அது சொல்லாது.

அடுத்து, அதிகம் கோபப்படுத்தும் கேள்வி. “நேற்று பார்த்த விலை இன்று ஏன் இல்லை? என் பக்கத்து அறைக்காரர் எப்படிக் குறைவாகக் கொடுத்தார்?”

ஹோட்டல் விற்பது அறையை அல்ல, இரவை. துணிக்கடையில் இன்று விற்காத சேலையை நாளை விற்கலாம். இன்று காலியாகக் கிடந்த அறையின் இரவு போனது போனதுதான். ஜப்பானின் யமனாஷி மாநிலத்தில் 705-ஆம் ஆண்டு முதல் நடக்கும் வெந்நீர் ஊற்று விடுதி ஒன்று, உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸ் பதிவில் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருட அனுபவம் இருந்தும், நேற்றைய காலி அறையை அவர்களாலும் இன்று விற்க முடியாது.

100 அறைகள் உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறைக்கு விலை 10 என்று வைத்தால் 60 அறைகள் போகின்றன, வரவு 600. விலையை 8 ஆகக் குறைத்தால் 80 அறைகள் போகின்றன, வரவு 640. மேலாளர் பார்ப்பது, மொத்த அறை வரவை விற்றது, விற்காதது எல்லா அறைகளாலும் வகுத்தால் வரும் தொகையை. தொழிலில் அதை “ரெவ்பார்” என்பார்கள். முதல் கணக்கில் அது 6, இரண்டாவதில் 6.4. குறைத்ததில் லாபம்தானே என்று தோன்றும். ஆனால் கூடுதலாக 20 அறைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், விரிப்புகளை வெளுக்க வேண்டும், தண்ணீரும் மின்சாரமும் போகும். கூடுதலாக வந்த 40 அதற்கே சரியாகிவிட்டால்? அதனால் யாருக்கு, எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதே தனி வேலையாகிவிட்டது. 1980-களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் கணினி வைத்து வளர்த்த வித்தை இது. மேரியட் போன்ற ஹோட்டல் குழுமங்கள் பிறகு அதை எடுத்துக்கொண்டன. வார நாளில் வரும் அலுவலகக்காரருக்கு ஒரு விலை, மூன்று மாதம் முன்னால் பணம் கட்டுபவருக்கு ஒரு விலை, கடைசி நேரத்தில் வருபவருக்கு வேறு ஒரு விலை. பக்கத்து அறைக்காரர் ரத்து செய்ய முடியாத விலையில் வாங்கியிருப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் பணம் போயிருக்கும், உங்களுக்குத் திரும்பி வந்திருக்கும். “ரத்து வசதி வேண்டுமா?” என்று படிவத்தில் கேட்பது இதற்காகத்தான்.

வராமல் போகிறவர்களைக் கணக்கிட்டு, இருக்கும் அறைகளைவிடச் சிலவற்றைக் கூடுதலாக விற்பதும் இதே கணக்கின் இன்னொரு முகம். எல்லோரும் வந்துவிட்டால் யாராவது ஒருவரை வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் அதற்கு “வாக்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நடக்கவிடுகிறார்களாம்! நல்ல இடமாக இருந்தால், அதே தரத்தில் வேறு ஓர் அறையும் அங்கே போக வண்டியும் அவர்கள் செலவில் ஏற்பாடு செய்வார்கள். யாரை அனுப்புவார்கள் என்பதில்தான் விஷயம். பெரும்பாலும் ஓர் இரவுக்கு மட்டும் வந்தவர், எப்போது வருவார் என்று சொல்லாதவர், எல்லோருக்கும் கடைசியாக வந்து நிற்பவர். “நான் இரவு 11 மணிக்குத்தான் வருவேன்” என்று முன்பே எழுதிவைப்பது அந்த வரிசையிலிருந்து உங்களை ஓரளவு காப்பாற்றும்.

வரும் நேரம் கேட்க இன்னொரு காரணமும் இருக்கிறது, இதில் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள். ஹோட்டலின் நாள் நள்ளிரவில் முடிவதில்லை. கணக்கு முடிப்பது அதற்குப் பிறகுதான், அறையின் நாளோ மதியத்திலிருந்து மறுநாள் காலைவரை ஓடும். நீங்கள் 15-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குப் போய் இறங்குவதாக இருந்தால், போட வேண்டியது 14-ஆம் தேதி இரவு. 15 என்று போட்டால் மதியம் வரை லாபியில் பெட்டியோடு உட்கார வேண்டியதுதான். காலை 6 மணிக்குப் போகிறவர்களுக்கும் இதே கதி. அறை இருந்தால் முன்னதாகக் கொடுப்பார்கள், ஆனால் அது அன்பளிப்பு, உரிமை அல்ல.

மதியம் 2 மணி, 3 மணி என்ற அந்தக் கணக்கு பிடிவாதம் இல்லை. ஹவுஸ்கீப்பிங்கில் ஒருவர் ஒரு ஷிஃப்டில் சுமார் 12 முதல் 16 அறைகளைச் சுத்தம் செய்வார், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம். பல அறைகள் காலை 11 மணிவாக்கில்தான் காலியாகின்றன. இரண்டு மணிநேரம் தாமதமாகக் கிளம்பிக்கொள்கிறேன் என்று கேட்கும்போது, அதை ஈடுகட்ட வேகமாக ஓடப்போவது ஒரு மனிதர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை, முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

போர்டில் இருக்கும் பெயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கட்டடம் ஒருவருடையது, நடத்துபவர் இன்னொருவர், பெயர் மூன்றாமவருடையது. பல ஹோட்டல்களில் நிலைமை இதுதான். 1993-இல் மேரியட் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. கட்டடங்கள் ஒரு நிறுவனத்துக்கும், நடத்துவதும் பெயரை வாடகைக்குக் கொடுப்பதும் இன்னொன்றுக்கும் போயின. தொழில் முழுக்க அந்த வழியில்தான் நகர்ந்திருக்கிறது. பெயருக்கு மதிப்பு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. கெமன்ஸ் வில்சன் என்பவர் குடும்பத்தோடு காரில் சுற்றுலா போனபோது, மோட்டல்கள் குழந்தைக்குக் குழந்தை தனியாகக் காசு கேட்டதில் எரிச்சலாகி, 1952-இல் மெம்ஃபிஸில் முதல் ஹாலிடே இன்னைத் தொடங்கினார். எங்கே போனாலும் ஒரே மாதிரி அறை, குழந்தைக்குக் கூடுதல் காசு இல்லை என்பதுதான் அவர் சரக்கு. உங்களுக்கு இதனால் என்ன? விரிப்பு அழுக்கு, பில்லில் தப்பு என்றால் அங்கேயே இருக்கும் மேலாளரிடம் சொல்லுங்கள். தலைமையகத்துக்கு எழுதினால், அவர்கள் அதே மேலாளருக்குத்தான் அனுப்பிவைப்பார்கள்.

அப்புறம், எங்கள் காசு எங்கிருந்து வருகிறது? மறைக்க ஒன்றுமில்லை, கமிஷன்தான். பெரிய முன்பதிவுத் தளங்கள் ஹோட்டல்களிடம் பொதுவாக 15 முதல் 20 சதவீதம், சில சமயம் அதற்கு மேலும் வாங்குகின்றன. அந்தத் தளங்களில் சிலவற்றில் பணத்தை ஹோட்டலில் கட்டுவீர்கள், சிலவற்றில் தளத்திடமே கட்டுவீர்கள். இரண்டாவது வகையில் ரத்து செய்தால் ஹோட்டல் மேசையில் சண்டைபோட்டுப் பயனில்லை, பணம் அவர்களிடம் போகவே இல்லை. ஒரே ஆள், ஒரே இரவு, ஏற்கெனவே தங்கிய இடம் என்றால் எங்களை விட்டுவிடுங்கள், நேராக அவர்களுக்கே போன் போடுங்கள். கமிஷன் மிச்சமாவதால் விலையிலோ நல்ல அறையிலோ கொஞ்சம் விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரும். எட்டுப் பேர், மூன்று ஊர், ஒரு சக்கர நாற்காலி என்றால் எங்களிடம் வாருங்கள்.

சாப்பாட்டுக் கட்டங்களில் இருக்கும் எழுத்துகள் இவை: ஈ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலை உணவும் சேர்த்து, எம்.ஏ.பி. என்றால் காலையோடு இன்னொரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். பகல் முழுக்க வெளியே சுற்றப்போகிறவர்கள் ஏ.பி. எடுப்பது வீண்.

படிவத்தில் கட்டில் எத்தனை, வந்து சேரும் நேரம் என்ன என்ற இரண்டு கட்டங்களை மட்டும் காலியாக விடாதீர்கள். மற்றவற்றை விட்டுவிட்டால் நாங்களே போன் செய்து கேட்டுக்கொள்கிறோம். கழுத்துப் பிடித்துக்கொண்ட நண்பர் போன வாரம் மறுபடி ஒரு படிவம் அனுப்பியிருந்தார். “ட்வின்” என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் முன்பதிவு மேசையிலிருந்து