அம்மா கட்டித் தந்த வேட்டி

கணியம்பாடி பக்கத்து ஊர்ச் சனங்களுக்கும் வேலூர் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் தெருக்கூத்து வாத்தியாரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த மழை ராத்திரியில் விளக்கெல்லாம் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத மனசு வரவில்லை. படம் அத்தோடு நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. வாத்தியார் துரியோதனனாக விழும் படுகளம் வரை எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நேற்றுதான் முழுசாகப் போட்டுப் பார்த்தேன்.

முதல் நன்றி வாத்தியார் வீட்டம்மாவுக்கு.

விளக்கெல்லாம் போன மறுநாள், பள்ளிக்கூட வராண்டாவில் வாத்தியார் துரியோதனன் வேஷம் போட உட்கார்ந்தார். சுவரில் ஒரே ஒரு குண்டு பல்பு. ஒரு கன்னம் வெளுத்து எரிகிறது, மறு கன்னம் கும்மிருட்டு. சிவப்பு அரிதாரத்தின் மேல் அவர் இழுக்கும் கோடுதான் எனக்கு வேண்டும். கேமராவில் எதைத் திருகியும் அது கிடைக்கவில்லை. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். பெட்டியிலிருந்து பழைய வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து, தூணுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே பல்பை மறைத்துக் கட்டினார்.

"இன்னா தம்பி பாக்கற? நேரா அடிச்சா கண்ணுக்குக் கீழ கோடு சரியா வராது. நாப்பது வருசமா இப்டித்தான் கட்டிக்கினு இருக்கேன்."

வெளிச்சம் முகமெங்கும் மெத்தென்று இறங்கியது. அதுவரை கண்ணைக் குத்திய கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகளில், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வேட்டி தெரிந்தது. அந்த ஷாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வாத்தியாரின் முகத்தை என்னைவிட நன்றாகப் பார்த்தவர் அவர்.

ஜெனரேட்டர் வேகம் தப்பினால் டியூப்லைட் மினுங்கிப் படத்தில் பட்டை விழும். அதற்காக ராத்திரி பத்திலிருந்து விடியும்வரை அதன் பக்கத்திலேயே நின்ற மைக்செட் அண்ணன், சென்னையிலிருந்து லென்ஸ் அனுப்பிய நண்பர்கள், அதைக் காட்பாடி ஸ்டேஷனில் வாங்கிவந்த ஆட்டோக்காரத் தம்பி, முகவீணை ஊதியவர், கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரர், சோறு போட்ட ஒவ்வொரு வீடு: எல்லோருக்கும் கும்பிடு.

1989-இல் ஜில்லா பிரிந்தும் வாத்தியாருக்கு இது இன்னும் வட ஆற்காடுதான். அவர் ஆடிய செய்யாறு, ஆரணிப் பக்கமெல்லாம் படத்தைக் கொண்டுபோவேன். ஆனால் முதல் காட்சி நம் ஊர் கூத்துத் திடலில்தான், வருகிற ஆடியில். அதற்கு முன் வேறெங்கும் திரையிட மாட்டேன்.

அம்மா, வேட்டியை நான் இன்னும் திருப்பித் தரவில்லை. ஓரத்தில் சிவப்புக் கறையோடு கேமராப் பையில் இருக்கிறது. ஆடிக்குக் கொண்டுவருகிறேன்.