பயந்த கிளியை பாவம் பாத்து வாங்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

முழுப்பரீட்சை முடியப்போகுது, லீவுக்கு பசங்களுக்கு என்ன வாங்கித் தரலாம்னு பேசுற வீட்டுல எல்லாம் கிளி பேச்சு ஒரு தடவையாவது வரும், எங்க வீட்டுல போன வருஷம் வந்துச்சு. வாங்கினப்புறம் படிச்சு பிரயோஜனம் இல்லைன்னு தான் இப்பவே எழுதுறேன்.

ஏழாவது படிக்கிற என் பொண்ணுக்காக ஒரு கடையில காக்டெய்ல் ஜோடி எடுத்தோம். பேரு தான் பார்ல விக்கிற ஐட்டம் மாதிரி, சரியான பேரு காக்கட்டீல், ஆஸ்திரேலியா கிளி அது, தலையில கொண்டையும் கன்னத்துல ஆரஞ்சு பொட்டுமா அழகா இருக்கும். ஜோடி மூவாயிரத்து ஐநூறு, கூண்டு தனி. கையில ஏறுமான்னு கேட்டேன், "ஒரே வாரத்துல தோள்ல உக்காரும் சார், எல்லாம் நீங்க பழக்குறதுல தான் இருக்கு"ன்னாரு. அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு குடுத்தாரு, ஆட்டோல வீடு வர்ற வரைக்கும் உள்ள பாம்பு சீறுற மாதிரி சத்தம். கிளி சீறும்னு எனக்கு அன்னிக்குத் தான் தெரியும்.

கூண்டு பக்கம் யாராவது போனாலே ரெண்டும் மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, இறகெல்லாம் உடம்போட ஒட்டிப்போய் பாதி சைஸாகி, வாயைத் தொறந்து மூச்சு வாங்கிட்டு நிக்கும். மூணாவது நாள் ராத்திரி கரண்ட் போயி வந்தப்ப மிரண்டு இருட்டுல அடிச்சுக்கிட்டதுல காலையில தட்டு பூரா இறகு, ஒண்ணுக்கு இறக்கை நுனியில ரத்தம். இந்த ஜாதிக்கு ராத்திரி மிரளுறது சகஜம், சின்னதா ஒரு நைட் லாம்ப் போட்டு விடுங்கன்னு கால்நடை டாக்டர் சொன்னாரு. கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

யோசிச்சுப் பாத்தா அதுங்க மேல தப்பே இல்ல. கடையில இருபது முப்பது கிளி கிடக்கிற கூண்டுக்குள்ள கைய விட்டு, ஓட ஓட விரட்டி பிடிச்சுத் தான் விக்கிறாங்க. அதுக்கு மனுஷக் கைன்னாலே பிடிக்கிற கை தான், அதுவும் மேல இருந்து பருந்து எறங்குற மாதிரி எறங்குற கை. கையால ஊட்டி வளர்த்ததை ஹேண்ட் ஃபீட் குஞ்சுன்னு விலை ஜாஸ்தியா தனியா விப்பாங்க, அது கைக்கு பயப்படாது, ஆனா தானா தின்னப் பழகாத குஞ்சையே தூக்கிக் குடுத்துடுறாங்க, நம்ம ஊட்டுறேன்னு சூடா ஊட்டிட்டா தீனிப்பை வெந்துடும். புதுசா வளர்க்கிறவங்க அந்த விஷப்பரீட்சைக்குப் போகவே வேணாம்.

பழக்கின கதைய சொன்னா சிரிப்பீங்க. ஆபீஸ் விட்டு வந்ததும் கூண்டுக்கு நாலடி தள்ளி சேர் போட்டு உக்காந்து உங்க பேப்பரை சத்தமா படிச்சேன். தலையங்கம் முதல் வரி விளம்பரம் வரைக்கும் எல்லாம் தான், பதினஞ்சு நாள், கூண்டை கையால தொடவே இல்ல, தண்ணியும் தீனியும் மட்டும் பொண்ணு மெதுவா மாத்துவா. அப்புறம் ஒரு தினைக் கதிரை கம்பி வழியா நீட்டிட்டு கை மரத்துப் போற வரைக்கும் அப்படியே இருக்கணும். மொதல்ல கழுத்தை மட்டும் நீட்டி ஒரு தினை மணியை கொத்திட்டு ஓடிடும், மறுநாள் ரெண்டு மணியை கொத்தும். பெட்டை விரல்ல கால் வெச்சது நாப்பத்தி மூணாவது நாள். ஆண் இன்னிக்கு வரைக்கும் கையில வராது, தூரத்துல உக்காந்து குக்கர் விசிலை மட்டும் அப்படியே அடிப்பாரு, அவ்ளோதான் அவரு.

வெளிய விடுற நேரம் திருச்சி வெயில்லயும் ஃபேனை நிறுத்தியாகணும். சமையக்கட்டு பக்கம் கூண்டு கூடவே கூடாது, நான்ஸ்டிக் தவா காலியா காஞ்சு வர்ற புகையே போதும், நிமிஷத்துல செத்துடும்.

போன வாரம் தினை வாங்க அதே கடைக்குப் போனோம். மூலையில இன்னும் ரெண்டு, ஒண்ணுக்கு இறக்கை வெட்டி விட்டிருக்கு, யாரும் எடுக்கலையாம், எண்ணூறுக்கு எடுத்துக்கோங்கன்னாரு. பொண்ணு அழுதுட்டா. எனக்கும் மனசு கேக்கல, ஆனா வாங்கல. நான் எடுத்துட்டுப் போனா அடுத்த வாரம் அதே மூலையில வேற ரெண்டு நிக்கும். காக்டெய்ல் பதினஞ்சு இருபது வருஷம் இருக்கும், பொண்ணு அஞ்சு வருஷத்துல காலேஜ் போயிடுவா, அப்புறம் நானும் என் சம்சாரமும் தான்.

வாங்கியே தீரணும்னா கடையில பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க. நீங்க நிக்கிறப்பவே தீனி தின்னுட்டு இருக்கே, அது பழகும். கடைக்காரரையே கைய விட்டு காட்டச் சொல்லுங்க, அவர் கைக்கே வராதது ஒரு வாரத்துல உங்க தோளுக்கு எங்க வரும்.

"பச்சைக்கிளி வேணும்னா உள்ள இருக்கு"ன்னு காதுல சொன்னா திரும்பிப் பாக்காம வந்துடுங்க, 1972 வனவிலங்கு சட்டப்படி நம்ம ஊரு கிளிய வீட்டுல வெச்சிருக்கிறதே குத்தம். 2023ல சென்னையில ஒரு சினிமா நடிகர் வீட்டுல இருந்த ரெண்டு கிளிக்கு ரெண்டரை லட்சம் அபராதம் போட்டது பேப்பர்ல வந்ததே. வெளிநாட்டுக் கிளியிலயும் சன் கான்யூர் மாதிரி வகைக்கு 2024 விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ்ங்கிற வெப்சைட்ல பதிவு பண்ணணும், காக்டெய்லுக்கும் நம்ம லவ் பேர்ட்ஸ்னு சொல்ற பட்ஜிக்கும் அது வேணாம்.

செல்லப்பிராணி கடைங்க விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியே ஆகணும்னு 2018லயே விதி வந்தாச்சு. நான் வாங்கின கடையில அப்படி ஒரு சர்டிபிகேட்டை சுவத்துல பாத்ததா ஞாபகமே இல்ல. லீவுக்கு முன்னாடி உங்க நிருபர் ஒருத்தர் ஒரு ஞாயித்துக்கிழமை நாலு கடை ஏறி எறங்கி, எத்தனை கடையில அந்தப் பேப்பர் இருக்குன்னு கேட்டு எழுதினா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கம் வாசகர் ஒருவர்