பொட்டலத்தின் பின்பக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இளைய மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அடுத்த பத்தியிலேயே உங்கள் இரத்த அழுத்தம் சற்று ஏறியிருப்பதையும், மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதையும் எழுதியிருந்தீர்கள். சமையலில் உப்பைப் பாதியாக்கிவிட்டோம், இனி எதைக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பணி ஓய்வுக்குப் பின் வீட்டுச் சாமான் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதால், இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் பார்த்தும் வைத்திருக்கிறேன்.

நாம் எதைச் சாப்பிடப்போகிறோம் என்பது பெரும்பாலும் கடையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். வாங்கி அலமாரியில் வைத்துவிட்ட தின்பண்டத்தை ஒவ்வொரு மாலையும் வேண்டாம் என்று மறுப்பது யாருக்கும் எளிதல்ல. கடையில் ஒருமுறை மறுத்துவிட்டால் அந்தப் போராட்டமே இல்லை. ஆகவே பசியில்லாத வேளையில், வேண்டியவற்றைச் சீட்டில் எழுதிக்கொண்டு போவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் உப்புக்கு வருகிறேன். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ரொட்டி, பாலாடைக்கட்டி, சாஸ், உடனடி சூப் போன்றவற்றில் ஏற்கெனவே கலந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பல பொட்டலங்களில் உப்பின் அளவுக்குப் பதிலாக, உப்பில் அடங்கியிருக்கும் சோடியத்தின் அளவையே அச்சிடுகிறார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 100 கிராம் ரொட்டியில் 500 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், அதில் 1.25 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு துண்டு 30 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், நான்கு துண்டு தின்றவர் ஒன்றரை கிராம் உப்பை, அதாவது நாள் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, உள்ளே தள்ளிவிட்டார். அதன்மேல் தடவியது தனிக்கணக்கு. இத்தனைக்கும் ரொட்டி நாக்கில் உப்புக் கரிப்பதே இல்லை.

பொட்டலத்தின் முன்பக்கம் விற்பதற்காக எழுதப்படுவது என்பதால் நான் அதைப் படிப்பதையே விட்டுவிட்டேன். தாவர எண்ணெய்ப் புட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் என்றைக்குமே பொருட்படுத்தும்படி இருந்ததில்லை. பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி இல்லாமல் நம் வயதுக்காரர்கள் படிக்க முடியாத எழுத்தில்தான் உண்மை இருக்கிறது. சேர்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்துவதே பெரும்பாலான நாடுகளில் விதி. 'முழுத்தானியம்' என்று முகப்பில் அறிவிக்கும் பிஸ்கட்டின் பின்பக்கத்தில் மைதா முதலிடத்திலும், சர்க்கரை அடுத்ததாகவும், முழுத்தானிய மாவு வால்பகுதியிலும் நிற்பதைப் பார்க்கலாம். சர்க்கரையும் ஒரே பெயரில் வருவதில்லை. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாற்றுச் செறிவு என்று பிரிந்து நின்றால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும்.

'ஒரு பரிமாறல்', அதாவது ஒருமுறை உண்பதாகத் தயாரிப்பாளர் வைத்துக்கொள்ளும் அளவு, என்ற கட்டத்தையும் எச்சரிக்கையாகப் பாருங்கள். 120 கிராம் பிஸ்கட் பொட்டலத்தில் ஒரு பரிமாறல் 20 கிராம், அதில் சர்க்கரை 5 கிராம் என்று அடக்கமாகப் போட்டிருப்பார்கள். பேச்சு சுவாரசியத்தில் பொட்டலம் காலியானால் 30 கிராம் சர்க்கரை. சேர்க்கப்பட்ட சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. எனவே 100 கிராமுக்கான கட்டத்தை மட்டும் பார்த்து இரண்டு பொருள்களை ஒப்பிடுங்கள். பிரிட்டனில் 100 கிராம் உணவில் சர்க்கரை 22.5 கிராமையோ உப்பு 1.5 கிராமையோ தாண்டினால் சிவப்பு அடையாளம் காட்டுகிறார்கள்; எனக்கு இந்த இரண்டு எண்களே போதுமானவையாக இருக்கின்றன.

ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவைப் பற்றிக் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அத்தகைய உணவையும் இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்திய உணவையும் வேண்டுமட்டும் உண்ணக் கொடுத்தார்கள். பரிமாறிய உணவின் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவற்றைச் சமமாக வைத்திருந்தும், பதப்படுத்தியதை உண்ட வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், வேகமாகவும் உண்டார்கள். மெல்ல வேண்டியிராத உணவு போதும் என்ற உணர்வு வருமுன்னே உள்ளே போய்விடுகிறது என்பது என் ஊகம். பழச்சாற்றைவிடப் பழத்தை நான் விரும்புவதற்கும் இதுவே காரணம்.

காய்கறி, பழம், பருப்பு வகைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உறைய வைத்த காய்களைத் தயங்காமல் வாங்கலாம், டப்பாவில் அடைத்த பயறுகளைத் தண்ணீரில் அலசினால் உப்பு கொஞ்சம் குறையும். உப்புக் குறைந்த உணவு முதலில் சப்பென்றுதான் இருக்கும்; சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

கடைசியாக ஒன்று. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு கடைகளில் கிடைக்கிறது; இரத்த அழுத்தத்துக்கு அது உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில இரத்த அழுத்த மாத்திரைகளை உண்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவரிடம் உங்கள் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்ட பிறகே வாங்குங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்